கோயில்பிள்ளையின் ஐந்தாம் கம்பி

"அம்மா, இதுதான் சரியான சத்தம்னு முதல்ல யாரு சொன்னா?"

நேசா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சமையலறை மேடைமேல் உட்கார்ந்து, அம்மா தன் பேஸ் கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பியூலா ஒரு கம்பியை முறுக்கி, காதைச் சாய்த்துக் கேட்டு, "ஆங், இப்ப சரி" என்றதும் வந்த கேள்வி அது.

பியூலா சிரித்துவிட்டு, "கோயில்பிள்ளை மாமாதான்" என்றாள். குழந்தைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. இறங்கிக் குளிக்கப் போய்விட்டது.

அது முழுப் பொய்யும் இல்லை. பாளையங்கோட்டைத் தென்பொதிகை மெல்லிசைக் குழுவில் வழக்கமே அப்படித்தான். மேடை ஏறியதும் கோயில்பிள்ளை தன் கிட்டாரின் ஐந்தாம் கம்பியை ஒரு முறை மீட்டுவார். அந்தக் கம்பியின் சுரத்துக்கு 'ஏ' என்று பேர், அதனால் அதற்கு 'ஏ கொடுப்பது' என்று பெயர். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு பேஸ் கிட்டார், ரிதம் கிட்டார், தபலா எல்லாம் சுருதி சேரும். கீபோர்டு வாசிக்கும் பலவேசமும், குழு அவருடையதுதான் என்றாலும், அந்தக் கம்பிக்குத்தான் தன் பெட்டியின் சுருதி எண்ணைத் திருப்பி வைத்துக்கொள்வார். கோயில்பிள்ளைக்கு வயது ஐம்பத்தெட்டு. எந்தக் கருவியின் உதவியும் இல்லாமல் நினைவிலிருந்தே அந்த ஒலியை எடுக்கக் கூடியவர் என்று மாவட்டமெங்கும் பேர். சுருதி பார்க்கும் மீட்டரை மேடையில் யாரும் மாட்டக்கூடாது என்று, நேசா அந்தக் கேள்வி கேட்பதற்கு முந்தின வருஷம் ஒரு சட்டமும் போட்டிருந்தார். கர்வம் பிடித்த மனிதர் என்று சிலர் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை.

நேசாவுக்கு ஒன்பது வயதான அந்த வருஷம்தான் வண்டு வந்தது.

கம்பெனி அதற்கு வைத்த பெயர் வேறு, நீளமானது. கிட்டார்க்காரர்கள்தான் வண்டு என்றார்கள். தீப்பெட்டியளவு கருப்பான கருவி. கிட்டாரின் தலையில் உட்கார்ந்து, ஆறு கால்களால் ஆறு முறுக்காணிகளையும் பிடித்துக்கொள்ளும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே எந்தக் கம்பி இம்மி இறங்கினாலும் 'ம்' என்று முனகித் திருப்பிவிடும். மேடையில் இருக்கும் வண்டுகளெல்லாம் ஒன்றோடொன்று பேசி, ஒரே சுருதியில் நிற்கும். பேஸ் கிட்டாரில் நாலே ஆணிகள் என்பதால், மீதி இரண்டு காலையும் மடக்கிக்கொள்ளும்.

ஒத்திகை அறை, முருகன்குறிச்சியில் ஒரு கண்ணாடிக் கடையின் மாடி. பலவேசம் பெட்டியைப் பிரித்து மேசைமேல் மூன்று வண்டுகளை வைத்தார்.

"கடிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டான் ஆசிக். ரிதம் கிட்டார் வாசிப்பவன், மேலப்பாளையத்துப் பையன், கல்யாணம் ஆகி ஆறு மாதம்.

"உன்னையெல்லாம் உம்பொண்டாட்டி கடிக்கிறது போதாதாக்கும். மாட்டுடே."

ஆசிக் மாட்டினான். வண்டு முனகியது. மூன்று விநாடிகளில் ஆறு கம்பிகளும் சேர்ந்து நின்றன. அவன் ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிக்க ஒரு கார்டு பிடித்து மீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான். "யா அல்லா! கல்யாண ராத்திரி கூட இவ்வளவு சுத்தமா இல்ல அண்ணாச்சி."

"வெக்கங்கெட்டவன்" என்றார் கோயில்பிள்ளை. அவர் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தன் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டின் பக்கம் பார்க்கவே இல்லை.

"நம்ம கிட்டார்க்காரங்க குரூப்ல ஒரு வாரமா இதே சண்டைதான்" என்றான் ஆசிக். "நாகர்கோயில் டென்னிஸ் அண்ணன் சொல்லுதாரு, நான் கம்பிய வளைச்சு இழுத்தா அது திருப்பி இழுக்குதுடே, எம்பொண்டாட்டிய ரெண்டாவது தடவ கட்டுன மாதிரி இருக்குங்காரு. தூத்துக்குடி ஆளுக, எங்க உப்புக் காத்துக்கு அரை மணிக்கு ஒருக்க சுருதி ஓடிரும், எங்களுக்கு இது சாமின்னு எழுதுதாங்க. தென்காசில ஒருத்தருக்குப் பக்கவாதம் வந்து இடது கை முறுக்க வராதாம். பதினோரு வருசம் கழிச்சு இப்பதான் தனியா மேடை ஏறுனேன்னு போட்டிருந்தாரு. அதப் படிச்சு எனக்கு அழுகையே வந்துட்டு."

"நல்லதுதானே" என்றார் கோயில்பிள்ளை. "அவருக்கு வேணும். மாட்டிக்கிடட்டும்."

"உங்களுக்கு?"

"எனக்குக் காது இருக்குல்லா."

பலவேசம் தொண்டையைச் செருமினார். "விசயம் என்னன்னா, மண்டபக்காரங்க எல்லாம் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. வார மாசத்துலருந்து வண்டு இல்லாத குழுவுக்கு மண்டபத்துல இடம் கிடையாது. கல்யாண வீட்டுக்காரங்க நம்ம பாட்டையும் அடுத்த குழு பாட்டையும் வெட்டி ஒட்டிப் படம் போடுதாங்க. எல்லாரும் ஒரே சுருதில இருந்தாத்தான் ஒட்டுமாம். அடுத்த வாரம் சனிக்கிழமை பரீட்சை. மூணு பாட்டு வாசிக்கணும், மேடைக்கு முன்னால ஒரு திரை இருக்கும். யாரு கம்பி எவ்வளவு விலகுதுன்னு ஆளாளுக்கு அதுல காட்டும். சரியா இருந்தா பச்சை. இல்லன்னா சிவப்பு."

கோயில்பிள்ளையின் கையிலிருந்த துணி நின்றது. "சனிக்கிழமையா? அடுத்த வாரமேயா?"

"ஆமா."

"செண்பகாவும் பாடணுமா?"

"பாடாமப் பின்ன? அவ இல்லாம நம்ம குழு எங்க இருக்கு?"

அவர் மறுபடி துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே துடைத்தார். பியூலா அதைக் கவனித்தாள். வயதானவருக்குப் பரீட்சை என்றால் பயம் என்று எண்ணிக்கொண்டாள்.

அன்று தன் பங்கு வண்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள். கைப்பழக்கம் வரட்டும் என்று, போன வாரத்து நிகழ்ச்சியின் பதிவை ஓடவிட்டுக் கூடவே வாசித்தாள். முதல் சுரத்திலேயே பல் கூசியது. பதிவில் இருந்த அவளும், வீட்டில் வாசிக்கும் அவளும் ஒட்டவே இல்லை. வண்டு கெட்டுப்போயிற்றோ என்று கழற்றி மாட்டினாள். அது நானூற்று நாற்பதில்தான் நின்றது, ஏ சுரத்துக்கு உலகமெல்லாம் வைத்திருக்கிற அளவில். பதிவுதான் கீழே இருந்தது. கொஞ்சமில்லை, அரைக் கட்டைக்குப் பக்கமாய்.

அவள் பழைய பதிவுகளைத் தேடினாள். போன வருஷத்துப் பதிவு இதைவிடக் கொஞ்சம் மேலே. அதற்கு முந்தின வருஷம் இன்னும் கொஞ்சம் மேலே. நாலு வருஷத்துக்கு முன்னால் போனால் எல்லாம் சரியாக இருந்தது. யாரோ மாடிப்படியில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்ததுபோல் இருந்தது. எல்லாரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியிருக்கிறார்கள். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை பலவேசத்தின் பாத்திரக் கடைக்குப் போனாள். அவர் கல்லாவில் இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே, கடைப் பையனை டீ வாங்க அனுப்பினார்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"என் பெட்டியில நம்பர் இருக்குல்லா பிள்ளே. அவர் ஏ குடுக்கும்போதெல்லாம் நான்தானே திருப்பி வைக்கேன். இப்ப நானூத்திப் பதினெட்டுல நிக்கி. நானூத்திப் பதினஞ்சு வரைதான் அது இறங்கும். அதுக்கும் கீழ அவர் போயிட்டா என்ன செய்யன்னு ஒரு வருசமா எனக்குச் சரியா உறக்கம் இல்ல."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு காது டாக்டர்ட்ட கேட்டேன், எனக்காகக் கேக்கிற மாதிரி. நினைவுலருந்து சுருதி பிடிக்கிறவங்களுக்கு வயசாக ஆக, உள்ளே இருக்கிற அளவு நகந்துருமாம். கேக்கிறதெல்லாம் கொஞ்சம் தூக்கலாத் தெரியுமாம். அதனால அவங்க சரின்னு நெனச்சு வைக்கிறது கீழ வந்து நிக்குமாம். வைத்தியம் கிடையாதாம். அந்த மனுசன்ட்டப் போயி, உங்க காது போச்சுன்னு நான் சொல்லவா? அவருக்குன்னு வேற என்ன இருக்கு? அதுக்குத்தான் இந்த வண்டு வந்ததும் நான் சரின்னு தலையாட்டுனேன். அது எல்லாத்தையும் சத்தங்காட்டாம மேல தூக்கி வச்சிரும். அவருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது."

"அவர் மாட்டமாட்டேங்காரே."

"அதான் பயமா இருக்கு. எல்லாரும் மேல நின்னு, அவர் மட்டும் கீழ நின்னா, திரை முழுக்கச் சிவப்பா வரும். அத்தனை பேர் முன்னால." அவர் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எப்படியாவது அவர மாட்ட வைக்கணும்."

பியூலா வீட்டுக்கு நடந்தே வந்தாள். கோயில்பிள்ளையின் பெயர் சிவப்பில் எழுதியிருப்பது வழியெல்லாம் அவள் கண்முன் வந்துகொண்டிருந்தது.

அந்த மனிதருக்கு அவள் ஒரு கடன் பட்டிருந்தாள். நேசா வயிற்றில் இருந்தபோது, அசையக்கூடாது என்று டாக்டர் படுக்கவைத்துவிட்டார். கணவன் மஸ்கட்டில். ஏழு மாதம் மேடை இல்லை. பேஸ் கிட்டாருக்கு வேறு ஆள் வந்துவிட்டால் ஒரு பெண்ணுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஆள் வரவில்லை. கோயில்பிள்ளை தன் கிட்டாரின் ஆறாம் கம்பியைத் தொளதொளவென்று தளர்த்தி, கட்டைவிரலால் அவள் பங்கையும், மற்ற விரல்களால் தன் பங்கையும் ஏழு மாதம் வாசித்திருக்கிறார். "பேஸெல்லாம் இப்ப யாரு கேக்கா, சும்மா இரும்" என்று பலவேசத்திடம் சொல்லியிருக்கிறார். அவள் திரும்பி வந்த அன்று, அவள் நிற்கிற இடம் அப்படியே காலியாக இருந்தது. அவர் கட்டைவிரல் தோல் தடித்துக் கருத்திருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. சில உதவிகளுக்கு நன்றி சொன்னால் சின்னதாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கோயில்பிள்ளை வழக்கம்போல் பாடகர் குழுவோடு உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். பியூலா பெண்கள் வரிசையில் இருந்தாள். அவள் பைக்குள் வண்டு இருந்தது. ஜெபவேளையில் அதை எடுப்பது தப்பு என்று தோன்றியது. கீதம் தொடங்கியதும் எடுத்து மடியில் வைத்தாள். பக்கத்தில் ஒலிக்கும் எதையும் அது அளந்து காட்டும்.

நானூற்று நாற்பது.

அவள் நம்பாமல் மறுபடி பார்த்தாள். அவர் தனியாக வாசித்த இடத்திலும் அதே எண். இம்மி பிசகவில்லை. ஆராதனை முடிந்து அவர் கிட்டாரைப் பெட்டியில் வைக்கும் முன், யோசனையோடு ஐந்தாம் கம்பியைத் தளர்த்தி, நினைவிலிருந்தே மறுபடி சேர்த்து ஒரு தடவை தட்டினார். அப்போதும் அதேதான்.

அவர் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் மேடையில் ஏன் கீழே வைக்கிறார்? நாலு வருஷமாக, ஊரே தன்னை நம்பிச் சுருதி சேர்க்கிறது என்று தெரிந்தும்? பியூலா அன்று முழுவதும் அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒரு நல்ல மனிதரைப் பற்றிக் கெட்டதாக நினைக்கவேண்டி வருமோ என்ற கலக்கம் அது. அதைவிடப் பெரிய கலக்கம் மனசுக்கு ஏது?

புதன்கிழமை ஒத்திகை. பலவேசம் கெஞ்சினார், ஆசிக் காலைத் தொட்டான். "உங்க ஒருத்தருக்காக எல்லாரும் வீட்ல இருக்கவா?" என்று கடைசியில் பலவேசம் கேட்டதும் கோயில்பிள்ளை எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் வண்டை எடுத்து மாட்டினார். அது முனகிக் கம்பிகளை மேலே இழுத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார், பல் பிடுங்க உட்கார்ந்தவர்போல.

செண்பகா வந்தாள். நாற்பத்தாறு வயது, நெற்றி நிறையத் திருநீறு. இருபது வருஷமாகக் குழுவின் குரல் அவள்தான். அவள் பாட்டை நம்பி வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். எந்த நிகழ்ச்சியையும் முடிப்பது அவள் பாடும் அம்மன் பாட்டுத்தான். அதில் கடைசி அடி ஏறி ஏறி உச்சியில் போய் நிற்கும். அங்கே அவள் நின்றால் சமையல்கட்டில் இருப்பவர்கள்கூடக் கரண்டியோடு வெளியே வந்துவிடுவார்கள்.

ஏறினாள். உச்சிக்குப் போனாள். குரல் கிழிந்தது.

துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வெறும் காற்று. தபலா தானாக நின்றது. செண்பகா மைக்கைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தப்புத்தான்" என்றார் கோயில்பிள்ளை சட்டென்று. "இடையில ஒரு கார்டு மாத்திப் பிடிச்சிட்டேன். அவளைத் தடுமாற வச்சிட்டேன். மன்னிச்சிரு தாயி."

அவர் எந்தக் கார்டையும் மாற்றிப் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே நின்ற பியூலாவுக்கு அது தெரியும். அவர் கிட்டாரைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. செண்பகாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்கார வீட்டு வாசலில் நிற்பவரின் பார்வை அது.

செண்பகா தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனாள். பியூலாவும் பின்னால் போனாள்.

"அக்கா, ஒண்ணுமில்ல. அண்ணன்தான் தப்பா…"

"அவர் நல்ல மனுசன், சொல்லுவாரு" என்றாள் செண்பகா. டம்ளரில் தண்ணீர் மொண்டாள். "உனக்குத் தெரியாதா பியூலா, நாலு வருசத்துக்கு முன்னால கழுத்துல ஆபரேஷன் பண்ணாங்களே, அப்பவே டாக்டர் சொல்லிட்டாரு. இனி மேல்ஸ்தாயி வராதும்மான்னு. ஒரு நிகழ்ச்சிக்குச் சுருதிய இறக்கி வச்சாங்க. எனக்குத் தொண்டையிலயே தெரிஞ்சு போச்சு. இறக்கிப் பாடித்தான் பிழைக்கணும்னா எனக்குப் பாட்டே வேண்டாம்னு அழுதுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். கோயில்பிள்ளை அண்ணன்தான் வந்து கூப்பிட்டாரு. பழைய சுருதியிலயே பாடு, வார வரைக்கும் வரட்டும்னு. கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சுடி! டாக்டர் வராதுன்னாரு, வந்துச்சு. காந்திமதி அம்மன் குடுத்ததுன்னு வெள்ளிக்கிழமை தவறாமப் போயி விளக்குப் போடுதேன்." அவள் டம்ளரை வைத்தாள். "இப்ப எடுத்துக்கிட்டா போல. சனிக்கிழமை மட்டும் பாடிட்டு நிறுத்திருதேன். அதுவும் வரலன்னா, வேற பிள்ளையப் பாத்துக்கிடச் சொல்லு."

பியூலா அங்கேயே நின்றாள். மாடிப்படியில் சத்தமில்லாமல் இறங்கியது யார், எதற்காக என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. ஒரேயடியாக இறக்கினால் செண்பகாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் மாதத்துக்கு மயிரிழை. மேடையில் மீட்டர் கூடாது என்ற சட்டம். கர்வம் என்ற பேர். அவர் காது போய்விட்டது என்று பலவேசம் கவலைப்பட்டதுகூட அவருக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும்.

உள்ளே கோயில்பிள்ளை மட்டும் இருந்தார். மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள்.

"அண்ணே."

"ம்."

"ஞாயித்துக்கிழமை கோயில்ல உங்க ஏ சரியா இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கோயில்ல ஆர்கன் இருக்குல்லா" என்றார்.

"அண்ணே, அக்கா பாட்டையே நிறுத்தப்போறேன்னு…"

"கேட்டேன். சன்னல் திறந்திருந்துச்சு." அவர் கிட்டாரின் தலையிலிருந்த வண்டை விரலால் தொட்டார். "இதுமேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல பிள்ளே. நல்ல சாமான். தென்காசிக்காரருக்குக் கை குடுத்திருக்கு. ஆனா இதுக்குச் சரி எது, தப்பு எதுன்னு மட்டுந்தான் தெரியுது. நான் என்ன செய்ய? ரெண்டு நாளாக் கர்த்தர்ட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒண்ணும் சொல்லமாட்டேங்காரு."

"அக்காட்டச் சொல்லிரலாமா? சொன்னா ஏத்துக்கிட மாட்டாங்களா?"

"நாலு வருசம் அம்மன் குடுத்தான்னு நம்பிக்கிட்டிருக்கா. அது அம்மன் இல்ல, இந்தக் கிழவன் திருகுன ஆணின்னு நான் போயிச் சொல்லணுமாக்கும்?" அவர் தலையை ஆட்டினார். "பலவேசத்துட்டயும் சொல்லிராத. என் காது போச்சுன்னு நெனச்சு அவன் பாவம், எவ்வளவு அன்பா இருக்கான் தெரியுமா? சனிக்கிழமைக்கு அப்புறம் நான் நின்னுக்கிடுதேன். நான் நின்னதாலதான் அவளும் பாடாம இருக்கான்னு ஊரு நெனச்சுக்கிட்டா, அவ குரலப் பத்தி யாரும் பேசமாட்டாங்க."

இரண்டு பேரும் போவதாக முடிவாகிவிட்டது.

படிவங்களென்றால் பலவேசத்துக்குப் படபடப்பு. அதனால் வண்டுகளைப் பதிவு செய்கிற வேலையெல்லாம் பியூலாவிடம்தான் இருந்தது. வியாழக்கிழமை கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் பேசினாள், மதுரைக் குரல்.

"சுருதிய மாத்த முடியாதுங்க மேடம். எல்லாருக்கும் நானூத்தி நாப்பதுதான்."

"பாடுறவங்களுக்குக் குரல் ஏறலன்னா?"

"குரலுக்குத் தனி மெஷின் இருக்குங்க. மைக்ல மாட்டிட்டா, அவங்க கீழ பாடுனாலும் மேல தூக்கிக் குடுத்துரும். அவங்களுக்கே தெரியும், கொஞ்சம் வேற ஆள் பாடுற மாதிரி இருக்கும்."

"அது வேண்டாம்மா. வேற வழி ஒண்ணுமே இல்லையா?"

அந்தப் பெண் தயங்கினாள். "ஒரு சலுகை இருக்குங்க. குழுவுல வாசிக்கிறவங்க யாருக்காவது காது குறைவா இருந்தா, அவங்களுக்குக் கேக்கிற மாதிரி மொத்தக் குழுவையும் அரைக் கட்டை வரைக்கும் இறக்கிக்கலாம். மண்டபம் அதை மறுக்கக்கூடாது, சட்டம். திரையில பச்சைதான் காட்டும். ஆனா அவங்க காதுல ஹெட்போன் மாட்டிச் சோதனை எடுக்கணும். பேரு பட்டியல்ல ஏறிடும்."

"எந்தப் பட்டியல்?"

"வாசிக்கக் கூப்பிடுறவங்க பாக்கிற பட்டியல்தாங்க. சலுகைன்னு ஒரு குறி இருக்கும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உண்மையச் சொல்றேன். அந்தக் குறி விழுந்தவங்களை வேற யாரும் கூப்பிடுறதில்ல. எங்க அண்ணன் டிரம்ஸ் வாசிக்கிறவன். எடுக்கவும் முடியாதுங்க, ஒரு தடவை ஏறிட்டா."

"நன்றிம்மா. உங்க அண்ணனுக்கு நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன்."

"பண்ணுங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

சென்னையிலிருந்து ஒரு ஒலிப்பதிவுக்கூடம் ஜூன் மாதத்துக்குப் பியூலாவைக் கூப்பிட்டிருந்தது. இரண்டு மாத வேலை. பிறகு தொடரலாம் என்றார்கள். பத்தொன்பது வருஷம் கல்யாண மண்டபங்களில் வாசித்தவளுக்கு முதன்முதலாக வந்த கடிதம். அதை அவள் பைபிளுக்குள் வைத்திருந்தாள். அந்தக் கூடத்தில் பட்டியலைப் பார்க்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒத்திகை அறைச் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். கீழே கண்ணாடி அறுக்கிற சத்தம். கதவைத் தாழிட்டாள். சன்னலையும் சாத்தினாள். மேசைமேல் மூன்று வண்டுகளும் வரிசையாக இருந்தன.

உட்கார்ந்து கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இது பொய்தான். உமக்குத் தெரியும்" என்றாள். வேறு எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள், யாராவது வேண்டாம் என்று தடுப்பார்களோ என்பதுபோல. யாரும் தடுக்கவில்லை.

போனில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, ஹெட்போனை மாட்டினாள். சலுகை கோருபவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தவும் என்று திரையில் வந்தது.

முதல் ஒலி கனமாக வந்தது. அழுத்தினாள். இரண்டாவது, மூன்றாவது. அதற்கும் அழுத்தினாள். ஒலிகள் மேலே ஏறத் தொடங்கின. ஏழாவது ஒலி, கிண்ணத்தில் ஸ்பூன் பட்டதுபோல. நன்றாகக் கேட்டது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது, தூரத்தில் ஒரு சைக்கிள் மணி. அதற்கடுத்தது கொசுவின் ரீங்காரம். ஒவ்வொன்றும் வந்து, அவளுக்காகக் கொஞ்சம் காத்திருந்து, போயிற்று. இவ்வளவு மெல்லிய ஒலிகளை அவள் வாழ்நாளில் இவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை. இருபத்திரண்டாவது ஒலி கேட்டதா, கேட்டதென்று நினைத்தாளா என்றே சொல்ல முடியாதபடி ஊசிமுனையாய் வந்தது. கேட்டதுதான். கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

திரையில் முடிவு வந்தது. கூடவே ஒரு கட்டமும் திறந்தது. அதில் நானூற்றுப் பதினெட்டு என்று எழுதி, உறுதி செய்தாள். நாளைக்குப் பலவேசம் தன் பெட்டியில் அந்த எண்ணைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வாயைத் திறக்கமாட்டார். நாலு வருஷப் பழக்கம். கோயில்பிள்ளை ஐந்தாம் கம்பியை மீட்டும்போது தெரிந்துகொள்வார், வண்டுக்கு எப்படியோ இரக்கம் வந்துவிட்டதென்று. எப்படி என்று அவருக்குத் தெரியவேண்டியதில்லை.

மூன்று வண்டுகளும் ஒரு தடவை 'ம்' என்று முனகி அடங்கின. பியூலா ஹெட்போனைக் கழற்றினாள். கீழே கண்ணாடி அறுக்கிறவர் யாரிடமோ டீ கேட்டுக்கொண்டிருந்தார். சன்னலைத் திறந்துவிட்டு, சாவியைக் கொடுக்கக் கீழே இறங்கினாள்.